முழுப் பல்செட்டு உருவாக்கத்தில் தாடை இயக்கங்களும் தாடை உறவுகளும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியின் மொழிச்சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பற்கள் அனைத்தையும் இழந்தவருக்குச் செய்யப்படும் முழுப் பல்செட்டு பயன்படுவதும் பயன்படாமற் போவதும், மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இடையிலான உறவு எவ்வளவு சரியாகப் பதிவு செய்யப்பட்டது என்பதைப் பெரிதும் பொறுத்தவை. இப்பதிவு கருவிகளால் மட்டும் நிகழ்வதன்று. மருத்துவர் கூறும் கட்டளையும் நோயாளி எழுப்பும் பேச்சொலியும் அதில் நேரடியாகப் பங்குகொள்கின்றன. பாடநூல்கள் தரும் ஒலிச்சோதனைகள் ஆங்கில மொழியை அடிப்படையாகக் கொண்டவை. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் வழங்கும் ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் அச்சோதனைகள் எவ்விடத்தில் பொருந்தாமற் போகின்றன என்பதையும், தமிழ் இலக்கண மரபின் பிறப்பியல் அறிவு அவ்விடத்தில் எவ்வாறு துணைசெய்யும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பல்செட்டு, தாடை உறவு, முக உயரம், பிறப்பியல், குற்றியலுகரம், ஓசூர், மும்மொழிச்சூழல்.

முன்னுரை

பல் இழப்பு முதுமையின் இயல்பான விளைவு என்றே பலரும் கருதுகின்றனர். அதனால் உண்ணும் உணவு சுருங்குகிறது, பேச்சு குழறுகிறது, முகத்தின் கீழ்ப்பகுதி ஒடுங்குகிறது. இம்மூன்றையும் ஓரளவேனும் மீட்டுத் தருவதே பல்செட்டின் பணி. ஆயினும் செய்துகொண்ட பல்செட்டைச் சில வாரங்களில் கழற்றி வைத்துவிட்டு, ஈறுகளாலேயே உண்ணத் தொடங்கும் முதியோர் உண்டு. 'பேசினால் தட்டுகிறது', 'மென்றால் கழன்று வருகிறது', 'வாய் நிறைந்தாற்போல் இருக்கிறது' என்பன அவர்கள் கூறும் குறைகள். இவற்றுள் பல, பற்களின் தரக்குறைவால் வருவன அல்ல. தாடை உறவைப் பதிவு செய்தபோது நேர்ந்த பிழையால் வருவன.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. அதன் வடமேற்கு எல்லையில், பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் ஓசூர் அமைந்துள்ளது. சிப்காட் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்து வளர்ந்த வாகன, கடிகார, பொறியியல் தொழிற்சாலைகளும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்களை இங்குக் கொண்டுவந்தன. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் தமிழ் பேசுவோருடன் கலந்து வாழ்ந்து வருகின்றன. தக்காண உருதுவும் இங்கு வழங்குகிறது. ஆகவே இப்பகுதியின் பல் மருத்துவமனை ஒன்றில் ஒரே நாளில் மூன்று, நான்கு தாய்மொழிகளைக் கொண்ட நோயாளிகள் வருவது இயல்பு. தாடை உறவுப் பதிவில் மொழி வகிக்கும் இடத்தை ஆராய இச்சூழல் ஏற்ற களமாகிறது.

தாடை மூட்டும் அதன் இயக்கங்களும்

மேல்தாடை மண்டையோட்டுடன் பிணைந்து அசையாதிருப்பது. அசைவது கீழ்த்தாடை மட்டுமே. அதன் இரு மேல்முனைகளிலும் உள்ள தாடை முளைகள், காதுக்கு முன்னால் பொட்டெலும்பில் உள்ள குழிகளில் பொருந்துகின்றன. இரண்டிற்கும் இடையே நாரிழையாலான இடைத்தட்டு ஒன்று உள்ளது. வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால், ஒன்று அசையும்போது மற்றொன்றும் அசைந்தே ஆகவேண்டும். உடலின் பிற மூட்டுகளிலிருந்து தாடை மூட்டை வேறுபடுத்தும் சிறப்பியல்பு இது.

வாய் திறக்கும்போது இருவகை அசைவுகள் நிகழ்கின்றன. முதலாவது சுழற்சி: கதவின் கீல்போலத் தாடை முளை இருந்த இடத்திலேயே சுழல்கிறது. கீழ்த்தாடையைப் பின்னிறுத்தித் திறக்கையில், முன்பற்களுக்கிடையே ஏறத்தாழ 20 முதல் 25 மி.மீ. வரையிலான திறப்பு இவ்வகையில் அமைகிறது. இரண்டாவது நழுவல்: அதற்கு மேலும் வாயைத் திறக்கையில் தாடை முளை குழியை விட்டு முன்னும் கீழுமாக நழுவுகிறது. இவையன்றி முன்னியக்கம், பின்னியக்கம், பக்கவியக்கம் என்பனவும் உண்டு. பக்கவியக்கத்தின்போது ஒரு புறத்து முளை ஏறக்குறையத் தன்னிடத்திலேயே சுழல, எதிர்ப்புறத்து முளை முன்னும் கீழும் உள்ளுமாக நகர்கிறது. இந்நகர்வை நார்மன் பென்னெட் 1908இல் விளக்கினார். கீழ்த்தாடை சென்றடையக்கூடிய எல்லைகள் அனைத்தையும் ஒரு மூடிய வடிவமாக வரைந்து காட்டியவர் சுவீடன் நாட்டு ஆய்வாளர் உல்ஃப் பொசெல்ட். அவரது ஆய்வு 1952இல் வெளிவந்தது.

மெல்லுதல், விழுங்குதல், பேசுதல் ஆகிய அன்றாடச் செயல்கள் இவ்வெல்லைகளைத் தொடுவது அரிது. அவை வடிவத்தின் உட்பகுதியிலேயே நிகழ்கின்றன. ஆனால் பல்செட்டு செய்பவர்க்கு எல்லை நிலைகளே தேவைப்படுகின்றன. ஏனெனில் அவையே மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் பதிவு செய்யத்தக்கவை.

மூவகைத் தாடை உறவுகள்

தாடை உறவுகளை அமைவு உறவு, செங்குத்து உறவு, கிடை உறவு என மூன்றாகப் பகுப்பர். இம்மூன்றையும் பதிவு செய்யப் பயன்படுவது மெழுகு வரம்பு. ஈறின் அச்சில் வார்த்த தளத்தின்மேல், பற்கள் நிற்கவேண்டிய இடத்தில், மெழுகைக் குதிரை லாட வடிவில் கட்டி இதனைச் செய்வர்.

அமைவு உறவு என்பது மேல்தாடை, மண்டையோட்டையும் தாடை மூட்டையும் சார்ந்து எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் குறிக்கும். மேல் மெழுகு வரம்பின் தளம் முன்புறத்தில் இரு கண்மணிகளை இணைக்கும் கோட்டிற்கும், பக்கவாட்டில் மூக்குச் சிறகிலிருந்து காதின் முன்மேடு வரை செல்லும் கோட்டிற்கும் இணையாகச் சரிசெய்யப்படும். பின்னதற்கு 18ஆம் நூற்றாண்டு உடற்கூற்றியல் அறிஞர் பீட்டர் கேம்பரின் பெயர் வழங்குகிறது. இவ்வமைவை முகவில் என்னும் கருவியால் அளந்து, தாடையின் அசைவுகளைப் போலச் செய்துகாட்டும் ஆர்ட்டிகுலேட்டருக்கு மாற்றுவர்.

செங்குத்து உறவு என்பது முகத்தின் கீழ்ப்பகுதி உயரம். இதில் இரு அளவுகள் உள்ளன. தசைகள் தளர்ந்து, உதடுகள் மெல்லத் தொட்டு, பற்கள் ஒன்றையொன்று தொடாதிருக்கும் நிலையில் அளப்பது ஓய்வுநிலை உயரம். பற்கள் சேர்ந்திருக்கும் நிலையில் அளப்பது கடிநிலை உயரம். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள வேறுபாடு ஓய்விடைவெளி எனப்படும். இது பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கும். மூக்கு நுனியிலும் மோவாயிலும் இரு புள்ளிகள் இட்டு அளக்கும் முறை எளியது. எடுத்துக்காட்டாக, ஓய்வுநிலையில் புள்ளிகளுக்கிடையே 68 மி.மீ. இருப்பின், கடிநிலை உயரத்தை 65 மி.மீ. அளவில் அமைக்கலாம்.

இந்த 3 மி.மீ. மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அது இல்லாமற் போனால் பேசும்போது பற்கள் தட்டும், தசைகள் ஓய்வின்றிக் களைக்கும், ஈறு புண்ணாகும், எலும்பும் விரைந்து தேயும். மாறாக, உயரம் மிகக் குறைந்தால் மோவாய் மூக்கை நெருங்கும். கடைவாயில் மடிப்பு விழுந்து, எச்சில் தேங்கிப் புண் உண்டாகும். மெல்லும் வலிமையும் குறையும். பல்லற்ற ஈற்றெலும்பு தேய்ந்துகொண்டே செல்லும் இயல்புடையது. அந்த்யே தால்கிரென் 1972இல் வெளியிட்ட நெடுங்கால ஆய்வு, முழுப் பல்செட்டு அணிந்தோரில் கீழ்த்தாடை முன்பகுதியின் தேய்மானம் மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டியது. பிழையான உயரம் இத்தேய்மானத்தை மேலும் விரைவுபடுத்தக்கூடும் என்பதால், அதன் விளைவு அந்தப் பல்செட்டோடு முடிவதில்லை. அடுத்துச் செய்யவேண்டிய பல்செட்டிற்கான அடித்தளத்தையும் அது குறைக்கிறது.

கிடை உறவு என்பது கீழ்த்தாடை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் எங்கு நிற்கிறது என்பது. இதில் அடிப்படையானது மைய உறவு. தாடை முளைகள் குழியின் மிகப் பின்தங்கிய இடத்தில் இருக்கும் நிலையே மைய உறவு என முன்னர் வரையறுத்தனர். செயற்கைப்பல் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பின் 1987ஆம் ஆண்டுப் பதிப்பு இதனை மாற்றி, முளைகள் முன்னும் மேலுமாகக் குழியின் முன்சரிவை ஒட்டி நிற்கும் நிலை என்றது. வரையறை மாறினும் அதன் பயன் ஒன்றே. பற்கள் இல்லாத வாயில் கீழ்த்தாடைக்கு வழிகாட்ட எதுவும் இல்லை. பற்களைச் சாராமல் மீண்டும் மீண்டும் கிடைக்கும் நிலை மைய உறவே. ஆகையால் பல்செட்டின் பற்கள் அந்நிலையில் பொருந்துமாறு அடுக்கப்படுகின்றன.

பேச்சொலியும் தாடை நிலையும்: பிறப்பியல் நோக்கு

செங்குத்து உறவை அளக்கப் புள்ளிகளும் அளவுகோலும் மட்டும் போதா. தோல் நகரும், நோயாளி இறுக்கமாக இருப்பார், அளவு ஒவ்வொரு முறையும் சற்று மாறும். எனவே பேச்சொலியைத் துணைச்சான்றாகக் கொள்ளும் முறை வளர்ந்தது. மேயர் சில்வர்மேன் 1953இல், 's' என்னும் ஆங்கில ஒலியை எழுப்பும்போது மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் மிக அருகில் வருவதைச் சுட்டி, அவ்விடைவெளியை முக உயரத்தை அறியும் அளவையாகக் கொண்டார். அவ்வொலியின்போது மெழுகு வரம்புகள் மோதினால் உயரம் மிகுதி. இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் உயரம் குறைவு.

உறுப்புகளின் நிலையைக் கொண்டு ஒலியை விளக்குவது தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு உறுப்புகளின் தொழிலால் எழுத்துகள் பிறப்பதைக் கூறுகிறது. இவ்வெட்டனுள் தாடை தனியே எண்ணப்படவில்லை. ஆயினும் அகர ஆகாரங்களின் பிறப்பைக் கூறுமிடத்து அங்காத்தல் என்னும் தொழில் சொல்லப்படுகிறது. வாய்திறத்தலாகிய அத்தொழில் கீழ்த்தாடையின் இயக்கமே. எனவே தாடையைப் பிற உறுப்புகளைச் சேர்த்தும் பிரித்தும் ஒலியமைக்கும் இயக்கு உறுப்பாகக் கருதலாம்.

பல்செட்டு அணிபவரை இவ்வெட்டு உறுப்புகளின் வழி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவருக்குப் பல் முற்றிலும் மாறுகிறது. அண்ணம் அக்ரிலிக் தகட்டால் மூடப்படுகிறது. இதழ் தன் பின்னாதாரத்தை இழந்து புதிய ஆதாரம் பெறுகிறது. நா அசையும் இடம் சுருங்கவோ விரியவோ செய்கிறது. எட்டில் நான்கு ஒரே நாளில் மாற்றம் அடைகின்றன. புதிய பல்செட்டு அணிந்தவரின் பேச்சு தொடக்கத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம். தாடை உறவு சரியாக இருப்பின் நா புதிய சூழலுக்குப் பழகிக்கொள்ளும்; உறவு பிழையாயின் எத்தனை நாள் பழகினும் தடுமாற்றம் நீங்காது.

பிறப்பியல் தரும் விளக்கங்களுள் சில, பல்செட்டைச் சரிபார்க்க நேரடியாகப் பயன்படுவன. பகரமும் மகரமும் இதழ்கள் இயைதலால் பிறப்பன. 'ம்' என்று மெல்ல ஒலித்து நிறுத்துகையில் இதழ்கள் தொட்டிருக்க, தாடை ஓய்வுநிலையை நெருங்குகிறது. வகரம் பல்லும் இதழும் இயைதலால் பிறப்பது. அப்பல் மேற்பல் என்பதை நன்னூல் தெளிவாகக் கூறும். ஆகவே வகரம், மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டைத் தொடும் இடத்தைக் காட்டும். தகரமும் நகரமும் நாநுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்துதலால் பிறப்பன. எனவே மேல் முன்பற்கள் மிக உள்வாங்கி அடுக்கப்பட்டிருப்பின் தகரம் பிசகும். ஆகாரம் வாய்திறந்து ஒலிப்பது. அப்போது மென்னண்ணம் அசையத் தொடங்கும் கோடு தெரியும். மேல் பல்செட்டின் பின்விளிம்பை அக்கோட்டை ஒட்டி முடிப்பர்.

இங்கு ஒரு வரையறையைக் குறிப்பிடுதல் வேண்டும். பிறப்பியல் கூறும் சகரம் இடைநாவும் இடையண்ணமும் பொருந்துதலால் பிறப்பது, அதாவது அடைப்பொலி. இக்காலத் தமிழில் 'காசு', 'வாசல்' போன்ற சொற்களின் இடையில் வரும் ஒற்றைச் சகரம் உரசொலியாக, 'ஸ'கர ஒலியாகவே பெரும்பாலும் ஒலிக்கப்படுகிறது. 'பச்சை', 'அச்சம்' என இரட்டிக்கும்போது பழைய அடைப்பியல்பு நிற்கிறது. 'மஞ்சள்', 'பஞ்சு' என மெல்லினத்தை அடுத்து வரும்போது 'ஜ'கர ஒலி பெறுகிறது. சொல்லின் முதலில் வரும் சகரம் ஆளுக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப வேறுபடும். ஆகவே சில்வர்மேன் முறைக்குத் தமிழில் பயன்படுவது சொல்லிடை ஒற்றைச் சகரம் மட்டுமே.

எண்ணிச் சொல்லும் சோதனை

ஆங்கிலவழிப் பயிற்சியில், அறுபதிலிருந்து மேலே எண்ணச் சொல்வது 's' ஒலிச் சோதனையின் வழக்கமான வடிவம். 'சிக்ஸ்ட்டி ஒன்', 'சிக்ஸ்ட்டி டூ' எனச் செல்லும்போது அவ்வொலி மீண்டும் மீண்டும் வரும். இதனை அப்படியே தமிழுக்கு மாற்றி, 'எண்ணிச் சொல்லுங்கள்' என்று முதியவரிடம் கேட்கும் பழக்கம் எளிதில் ஏற்படக்கூடியது.

தமிழில் ஒன்று முதல் நூறு வரையிலான எண்ணுப்பெயர்களில் 'ஸ'கர ஒலி ஓரிடத்தும் இல்லை. ஐந்து என்பது பேச்சில் 'அஞ்சு' ஆகும்போதும் அங்கு ஒலிப்பது 'ஜ'கரமே. அறுபது, அறுபத்தொன்று என எண்ணுபவர் பகர, தகர, றகரங்களை ஒலிப்பாரேயன்றி வேண்டிய உரசொலியை ஒலிக்கமாட்டார். தெலுங்கிலும் ஒகட்டி, ரெண்டு, மூடு எனத் தொடங்கி நூறுவரை அவ்வொலி வருவதில்லை. கன்னடத்திலும் ஒந்து, எரடு, மூரு என நூறுவரை அதே நிலைதான். ஆயிரத்தைக் குறிக்கும் 'ஸாவிர' என்னும் சொல்லில்தான் அது முதன்முதலாக வருகிறது. ஆக, இவ்வெல்லைப் பகுதியின் மூன்று திராவிட மொழிகளிலும் எண்ணும் சோதனை தன் நோக்கத்தை நிறைவேற்றாது. வரம்புகள் மோதவில்லை என்பதைக் கண்டு உயரம் சரி என மருத்துவர் முடிவுசெய்தால், அம்முடிவு நிகழாத ஒரு சோதனையை நம்பியதாகும்.

இந்தியும் தக்காண உருதுவும் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் ஸாத், தஸ், பீஸ், தீஸ், சாலீஸ், பச்சாஸ் என எண்ணுப்பெயர்களில் இவ்வொலி நிறைந்துள்ளது. தொழிற்பேட்டைக்கு வடக்கிலிருந்து வந்த ஒருவரிடம் பத்துப் பத்தாக எண்ணச் சொல்வது பொருத்தமான சோதனையே. ஒரே மருத்துவமனையில் ஒருவருக்குப் பொருந்தும் சோதனை அடுத்தவருக்குப் பொருந்தாமற் போவதை இதனால் அறியலாம்.

மும்மொழிக்கும் பொதுவான சோதனைச் சொற்கள்

ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பட்டியல் வகுப்பது இயலும். ஆனால் திராவிட மொழிகளின் உறவால், மூன்றுக்கும் பொதுவான சில சொற்களே போதுமானவையாக அமைகின்றன.

1. அம்மா: தமிழில் அம்மா, தெலுங்கிலும் கன்னடத்திலும் அம்ம. இரட்டித்த மகரத்தில் இதழ்கள் நன்கு சேர்கின்றன. சொல்லிமுடித்து 'ம்' என நிறுத்தச் செய்து, புள்ளிகளுக்கிடையே அளந்தால் ஓய்வுநிலை உயரம் கிடைக்கும்.

2. காசு: மூன்று மொழிகளிலும் இதே வடிவில் வழங்கும் சொல். முதலெழுத்தில் ஆகாரத்துக்காகத் தாடை இறங்குகிறது. அடுத்த எழுத்தில் உரசொலிக்காக மிக நெருக்கமாக ஏறுகிறது. தமிழில் இது நெடில்தொடர்க் குற்றியலுகரம். இறுதி உகரம் இதழ் குவியாமல் குறுகி ஒலிப்பதால், முன்பற்களின் இடைவெளி மறைக்கப்படாமல் தெரிகிறது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இறுதி உகரம் இதழ் குவித்து ஒலிக்கப்படுவதால், உகரம் தொடங்கும் முன்னரே நோக்குதல் வேண்டும்.

3. ஓசூர்: இவ்வூர்ப் பெயரிலேயே உயிர்களுக்கிடையே வேண்டிய உரசொலி உள்ளது. தமிழில் ஓசூர் என்றாலும், கன்னடத்திலும் தெலுங்கிலும் ஹொசூரு, ஹோசூரு என்றாலும் அவ்வொலி மாறுவதில்லை. 'எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?' என்று கேட்டாலே விடையில் இது வந்துவிடக்கூடும். சோதனை என்று அறியாமல் பேசும்போதுதான் தாடை தன் இயல்பான வழியில் அசையும். ஊகாரத்துக்காக இதழ் குவிவதால் பற்களின் இடைவெளியைக் கண்ணால் காண்பது கடினம். வரம்புகள் மோதும் ஓசையைக் காதால் கேட்டறிய இச்சொல் ஏற்றது.

4. அவ்வை: தமிழில் அவ்வை, தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வ. பொருள் தாய், பாட்டி என மாறினும் ஒலி ஒன்றே. தமிழ் வகரம் ஆங்கிலத்தின் 'f' ஒலிபோல் வலிந்து உரசுவதன்று; மேற்பல் கீழுதட்டை மெல்லவே அணுகும். எனவே இரட்டித்த வகரம் உள்ள சொல்லில்தான் அத்தொடர்பு நோக்கத்தக்க அளவு நீடிக்கிறது.

5. தாத்தா: தமிழில் தாத்தா, தெலுங்கிலும் கன்னடத்திலும் தாத. ஆங்கிலப் பாடநூல்களில் 'th' ஒலியின்போது நாநுனி பற்களுக்கிடையே சற்று வெளியே தெரியவேண்டும் என்பர். தமிழ்த் தகரத்தில் நா வெளியே வராமல் மேற்பல்லின் அடியிலேயே நிற்கும். நா வெளியே தெரியவில்லை என்பதற்காக முன்பற்களை உள்வாங்கி அடுக்குவது தவறாகும்.

இவ்வைந்தில் மூன்று உறவுமுறைப் பெயர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இயல்பாகச் சொல்லக்கூடியவை. அட்டையில் எழுதிக் காட்டிப் படிக்கச் செய்ய வேண்டிய தேவை எழுவதில்லை. இச்சொற்களைப் பல்செட்டு செய்துகொள்ளும் நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து, அளவுகளை ஒப்பிடுவது அடுத்த கட்ட ஆய்வுக்குரியது.

கட்டளை மொழி

கிடை உறவைப் பதிவு செய்யும்போது மொழி வேறொரு வகையில் குறுக்கிடுகிறது. பல ஆண்டுகள் பற்களின்றி இருந்தவர், முன் ஈறுகளால் கடித்து உண்ணும் பழக்கத்தால் கீழ்த்தாடையை முன்தள்ளியே வாயை மூடுவார். 'கடியுங்கள்' என்றதும் அப்பழக்கமே வெளிப்படும். முன்தள்ளிய நிலையில் பதிவான பல்செட்டை அணிந்து, பின்னர் எச்சில் விழுங்கும்போது தாடை பின்செல்லும். பற்கள் பொருந்தாமல் பல்செட்டு சாயும்.

மேலும், 'பல்லைக் கடி' என்பது தமிழ் வழக்கில் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதலையும் சினத்தை அடக்குதலையும் குறிக்கும் தொடர். அதனைக் கேட்பவர் மென்மையாகச் சேர்ப்பதில்லை; இறுக்குகிறார். இறுக்கும்போது ஈறு அமுங்கி, மெழுகுத் தளம் இடம்பெயர்கிறது. 'வாயை மூடுங்கள்' என்பதோ மும்மொழிகளிலும் கண்டிப்புத் தொடராகவும் வழங்குவது. கன்னடத்தில் 'பாயி முச்சு' என்பதும் தெலுங்கில் 'நோரு மூய்' என்பதும் அவ்வாறானவையே. மதிப்பு விகுதி சேர்த்தாலும் அதன் கடுமை முற்றிலும் நீங்குவதில்லை. தசைத் தளர்ச்சி வேண்டிய நேரத்தில் முதியவரைச் சுருங்கச் செய்யும் சொல் அது.

இவற்றுக்கு மாற்றாகச் சில கட்டளைகளை முன்மொழியலாம். ஓய்வுநிலைக்கு, 'உதட்டை மெதுவாகச் சேர்த்து வையுங்கள் அம்மா'. மைய உறவுக்கு, 'நாக்கு நுனியை மேலே மடக்கிப் பின்னால் கொண்டுபோங்கள் ஐயா. அப்படியே மெதுவாகச் சேருங்கள்'. நாவைப் பின்மடக்கும் வழியைத் தமிழர்க்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. டகர, ணகர, ளகரங்களை ஒலிப்பவர் அனைவரும் நாநுனியை மேல்நோக்கி வளைக்கப் பழகியவரே; இவ்வொலிகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளன. 'ட்' என்னும் ஒலிக்கு நா நிற்கும் இடத்தைக் காட்டி, அங்கிருந்து மேலும் பின்னே நகர்த்தச் சொன்னால், கீழ்த்தாடையும் உடன் பின்செல்லும். விழுங்கச் செய்தும் இந்நிலையைப் பெறலாம்; அதற்குரிய சொல் தமிழில் 'விழுங்குங்கள்', கன்னடத்தில் 'நுங்கி', தெலுங்கில் 'மிங்கண்டி'. இம்மூன்று சொற்களை அறிந்திருத்தல் இப்பகுதி மருத்துவருக்குப் பெருந்துணை.

உணவும் நீரும் வாய்ப்பழக்கமும்

இப்பகுதியின் பழைய அடிப்படை உணவு கேழ்வரகுக் களி. களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவதே வழக்கம். பல் இழந்தவர் பல்லாண்டுகள் பல்செட்டின்றி வாழ இது இடமளிக்கிறது. அவ்வளவு காலம் மெல்லுதற்குரிய பக்கவியக்கம் பயிலப்படாதிருக்கும். அவரையும் தட்டைப்பயறும் இறைச்சியும் மீண்டும் உண்ண விரும்புபவர்க்குப் பக்கவியக்கத்தின்போதும் இருபுறமும் பற்கள் தொட்டுச் சமநிலை தரும் அடுக்கு வேண்டும். நோயாளி என்ன உண்கிறார், என்ன உண்ண விரும்புகிறார் என்று கேட்பதும் தாடை உறவுப் பதிவின் பகுதியே.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 1.5 மி.கி. வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகிறது. இக்குறையைப் போக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் திட்டம் பயன்பாட்டிற்கு வந்தது. அதற்கு முன்னரே பல்லாண்டுகள் அந்நீரைப் பருகியவர்களுள் சிலருக்குப் பற்களோடு முதுகெலும்பும் கழுத்தும் பாதிக்கப்பட்டிருக்கலாம். தலை பின்சாய்ந்தால் கீழ்த்தாடை இறங்கும், முன்குனிந்தால் நெருங்கும். கழுத்தை நேரே நிறுத்த இயலாதவரிடம் எடுத்த ஓய்வுநிலை அளவு பிழையாகும் என்பதால், அவர் இயல்பாக அமரும் நிலைக்கேற்ப நாற்காலியைச் சரிசெய்து அளத்தல் நலம்.

பாக்கு மெல்லும் பழக்கம் வாயின் உட்சவ்வை நாராக்கி அங்காப்பையே குறைக்கும் நோயைத் தோற்றுவிக்கிறது. அந்நோய் முற்றியவருக்கு அச்செடுக்கும் தட்டைக்கூட வாயினுள் செலுத்த இயலாது. தாடை உறவைப் பதிவு செய்யும் முன் அங்காப்பின் அளவைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

முடிவுரை

ஓசூரின் தொழிற்கூடங்களில் இரு உலோகப் பாகங்கள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தவேண்டும் என்பது வரைபடத்தில் எழுதப்பட்டிருக்கும். தாடைகளின் பொருத்தத்திற்கு அத்தகைய வரைபடம் இல்லை. அதனை நோயாளியின் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் பேச்சிலிருந்துமே பெறவேண்டும். அவற்றுள் பேச்சு, மருத்துவர் அறியாத மொழியில் இருந்தால் சான்று பயனற்றுப் போகும்.

இக்கட்டுரையின் முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம். ஒன்று, எண்ணிச் சொல்லும் சோதனை தமிழ், தெலுங்கு, கன்னட நோயாளிகளுக்குப் பொருந்தாது. காசு, ஓசூர் போன்ற சொற்களே பொருந்தும். இரண்டு, கட்டளைச் சொற்களின் வழக்குப் பொருள் தாடையின் நிலையையே மாற்றும் ஆற்றலுடையது. அதனைக் கருதியே கட்டளை அமைதல் வேண்டும். மூன்று, பிறப்பியல் வெறும் இலக்கணப் பாடமன்று. ஒலியுறுப்புகளின் தொழிலை நுணுகி நோக்கிய அறிவு என்னும் வகையில் அது இன்றைய மருத்துவப் பயிற்சிக்கும் பயன்படும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ்வழி மருத்துவம் கற்பித்துக் கலைச்சொற்களை ஆக்கினார். அப்பணியின் தொடர்ச்சியாக, பல் மருத்துவ மாணவர்க்கான பயிற்சியேடுகளில் தமிழ் ஒலிச்சோதனைச் சொற்களும் கட்டளைத் தொடர்களும் இடம்பெறச் செய்தல் மொழியியலாளரும் மருத்துவரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். களியை மட்டும் விழுங்கி நாள் கழிக்கும் முதியவர் ஒருவர் அவரையை மென்று உண்பதும், தன் ஊர்ப் பெயரைப் பற்கள் தட்டாமல் சொல்வதுமே அப்பணியின் பயன்.